சந்தா கட்டாத நாடுகளும் சாதி என்ற சொல்லும்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரக்குப்பத்தில் படிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: “ஐ.நா.வில் பணமில்லையாம், கூட்டங்களைக் குறைக்கிறார்களாம். எண்ணூரில் சாம்பலைச் சுவாசிக்கிற நமக்கு அதனால் என்ன தோழர்?”

நியாயமான கேள்வி. பதிலாக ஒரு சொல்லின் வரலாற்றைச் சொன்னோம்.

1965 டிசம்பர் 21 அன்று இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. எவற்றின் பேரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் முதல் பிரிவு பட்டியலிடுகிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இன மூலம். இதில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். 1968இல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் சாதி வருமா? இதைச் சொல்ல வேண்டியது உடன்படிக்கையைக் கண்காணிக்கும் 18 பேர் கொண்ட நிபுணர் குழு. நாடுகளின் அறிக்கைகளை ஆராய்ந்து, சொற்களுக்குப் பொருள் சொல்லிச் சொல்லியே இந்தக் குழு சட்டத்தை வளர்க்கிறது.

சிக்கல் பணத்தில் வந்தது. குழு உறுப்பினர்களின் செலவை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளே ஏற்க வேண்டும் என்று 8ஆம் பிரிவில் எழுதியிருந்தார்கள். பதினெட்டு பேரின் பயணத்துக்கும் தங்கலுக்கும் ஆகும் செலவுதான். அதைக்கூடப் பல நாடுகள் கட்டவில்லை. 1986 முதல் 1990களின் தொடக்கம் வரை சில அமர்வுகள் ரத்தாயின, சில சுருங்கின. அறிக்கைகள் தேங்கின.

1986இல் ஐ.நா.வே கடனில் தத்தளித்தது. அமெரிக்கா தன் பங்கை நிறுத்திவைத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த ஆண்டு மனித உரிமைகளுக்கான துணை ஆணையம் கூடவே இல்லை. சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 12 வார அமர்வு 10 வாரமானது. சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டு விழுவது குரலற்றவர்கள் பேசக்கூடிய இடங்களில்தான் என்பதை இதில் பார்க்கிறோம்.

1992இல் நாடுகள் கூடி, இந்தக் குழுவின் செலவை ஐ.நா.வின் பொது வரவு செலவிலிருந்தே கொடுப்பது என்று திருத்தம் செய்தன. போதுமான நாடுகள் ஏற்காததால் அந்தத் திருத்தம் முறைப்படி நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் பொதுச்சபையின் முடிவால் 1994 முதல் பணம் வரத் தொடங்கியது. குழு ஒழுங்காகக் கூடியது.

1996 ஆகஸ்டில் இந்தியாவின் முறை வந்தது. 10ஆவது முதல் 14ஆவது வரையிலான ஐந்து அறிக்கைகளை இந்தியா ஒரே கட்டாகக் கொடுத்திருந்தது. எல்லாத் தாமதத்துக்கும் பணம் காரணமல்ல, அரசின் மெத்தனமும் இருந்தது. சாதி இனமல்ல என்று இந்தியா வாதாடியது. வம்சாவளி என்பது இனத்தை மட்டும் குறிக்காது, தலித்துகளின் நிலை உடன்படிக்கைக்குள் வரும் என்று குழு சொன்னது. 2002 ஆகஸ்டில் குழு நடத்திய விவாதத்தில் தலித்துகளும் ஜப்பானின் புராக்கு மக்களும் நேரில் பேசினார்கள். அதன் பிறகு வந்த 29ஆம் பொதுப் பரிந்துரை, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாக எழுதியது.

2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். இரண்டே மாதத்தில், 2007 பிப்ரவரியில், இந்தியப் பிரதிநிதிகள் ஜெனீவாவில் பழைய வாதத்தையே வைத்தார்கள். குழு அசையவில்லை. அடுத்த அறிக்கைக்கு 2010 ஜனவரி வரை கெடு கொடுத்தது. அந்தக் கெடுவை இந்தியா மதிக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஐ.நா.வில் பணமுடை. சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 2025 அமர்வு சுருக்கப்பட்டு மே மாதத்தோடு முடிந்தது. அரசுகளுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. கூட்டம் நடக்காவிட்டால் பதில் சொல்லும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

முகத்துவாரத்தை மண் மூடினால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கும், கடலுக்குப் போகாது. நம் வழக்குகளும் அப்படித்தான் தேங்கும். எனவே தோழர்களே, இரண்டு வேலைகள். ஐ.நா. நிதிச் செய்தியை வெளிநாட்டுச் செய்தி என்று தள்ளாமல் படியுங்கள். உங்கள் தெருவில் நடக்கும் ஒவ்வொரு வன்கொடுமையையும் தேதியோடு, முதல் தகவல் அறிக்கை எண்ணோடு எழுதி வையுங்கள். 2002இல் கதவு திறந்தபோது உள்ளே போய்ப் பேச நம் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அடுத்த முறையும் தயாராக இருப்போம்.

ஜெய் பீம்.