ஒப்புமை உறவாகுமா? ஓர் இசைத்தட்டின் வரலாறு

பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். பயன்பட்டவை ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 ஆகிய மின்னணுக் கருவிகள். தட்டு அதிகம் விற்கவில்லை. டச்சுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் அதனைத் தில்லியில் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்தார். உடனே, ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசையின் பிறப்பிடம் 1987இன் சிகாகோ அன்று, பம்பாயே என்ற முழக்கம் எழுந்தது.

சிகாகோவினர் இத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு இரு மொழிகளை ஒரு குடும்பமென மொழியியலார் கொள்வதில்லை. இங்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். பேஸ் கிதாருக்கு மாற்றாகச் செய்யப்பட்ட 303, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். இராகத்தின் இழைவுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. புதிய இசைவகை எதையும் சிங் நாடவில்லை. அவர் நாடியது டிஸ்கோவில் இராகம்.