நட்சத்திரங்களின் ஆலயம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில், இயந்திரக் கருவிகள் செய்யும் ஆலைகளால் ஜீவித்த ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூரில், வடதுருவப் பிரதேச யாத்திரைகளில் சித்திரக்காரராகச் சென்று மீண்ட ரஸ்ஸல் போர்ட்டர் 1920ஆம் ஆண்டில் தூரதர்சினி செய்யும் வித்தையைப் போதிக்கத் தொடங்கியபோது, அவரிடம் சிஷ்யராக வந்தவர்களில் பெரும்பாலோர் பகலெல்லாம் ஆலையில் உழைத்தவர்களே.

விலைகொடுத்து வாங்க இயலாத கருவியைக் கையாலேயே ஆக்கிக்கொள்வது எத்தனை பொறுமையை வேண்டும் காரியம்! இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கிடையே கார்போரண்டம் தூளையும் நீரையும் இட்டு, மேற்கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தபடியே மேடையைச் சுற்றி அடிமேல் அடிவைத்து நடந்துவந்தால், நாளடைவில் மேலது குழிந்தும் கீழது குவிந்தும் வரும். பிறகு, தூரதர்சினியின் ஆடியாகப்போகும் அந்தக் குழிந்த கண்ணாடியைக் கீல் பூசிய பலகையில் செந்தூளிட்டு மெருகேற்ற வேண்டும். பெருவிரலைச் சற்றே வைத்தெடுத்தாலும் அந்தச் சூட்டில் கண்ணாடி அவ்விடத்தில் புடைத்துவிடுமாதலால், அது ஆறும்வரை காத்திருந்தே சோதிக்க வேண்டும். இத்தகைய சிரத்தையை நான் ஒருவகைத் தபஸ் என்றே மதிக்கிறேன்.

1923 டிசம்பரில் சங்கமாகக் கூடிய இவர்கள், ஊர்ப்புறத்துக் குன்றின்மேல் தாங்களே கட்டிய மனைக்கு, நட்சத்திரங்களின் ஆலயம் என்று பொருள்படும் ஸ்டெல்லஃபேன் என்ற நாமத்தைச் சூட்டினர். 1925இல் ஆல்பர்ட் இங்கல்ஸ் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதவே, தேசமெங்கும் கண்ணாடி தேய்ப்போர் கிளம்பினர். 1926இல் அக்குன்றில் முதல் மாநாடு கூடிற்று. போர்ட்டரோ 1928இல், பாலோமர் வானாய்வுக்கூடத்தின் 200 அங்குலத் தூரதர்சினி வேலைக்காகக் கலிபோர்னியா சென்றார்.

இன்றும் கோடையில் ஸ்டெல்லஃபேனில் கூடுவோர், தாம் செய்த கருவிகளைப் புல்தரையில் நிறுத்தி, வெள்ளொளி இருளுக்குப் பழகிய பார்வையைக் கெடுக்குமென்று சிறு செவ்விளக்குகளை மட்டும் ஏந்தி, முன்பின் அறியாதவரையும் அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டுகின்றனர்.