முதலை இருக்குன்னு தெரிஞ்சும் ஆற்றில் குதிப்பது ஏன்? செரெங்கெட்டி வைல்டுபீஸ்ட் பயணத்தின் பின்னணி

ஜூலை பிறந்தாலே சோசியல் மீடியாவில் அந்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். மாட்டுக் கொம்பும் தாடியும் குதிரை வாலுமாக ஆயிரக்கணக்கான விலங்குகள் கரையில் இருந்து ஆற்றுக்குள் பாயும். தண்ணீரில் முதலைகள் காத்திருக்கும். அந்த ஆறு மாரா. விலங்கின் பெயர் வைல்டுபீஸ்ட். பார்க்க மாடு மாதிரி இருந்தாலும் இது ஆப்பிரிக்க மறிமான் இனம்.

தான்சானியாவின் செரெங்கெட்டியும் கென்யாவின் மசாய் மாராவும் ஒட்டியே இருக்கும் புல்வெளிகள். சுமார் 13 லட்சம் வைல்டுபீஸ்ட், கூடவே 2 லட்சம் வரிக்குதிரைகள், லட்சக்கணக்கான தாம்சன் மான்கள் என ஒரு பெருங்கூட்டம் ஆண்டு முழுக்க இங்கே சுற்றி வருகிறது. எல்லாம் மழையைத் துரத்தித்தான்.

தெற்கு செரெங்கெட்டி மண்ணில் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியம், பாஸ்பரஸ் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். அதனால் பிப்ரவரியை ஒட்டிப் பிரசவம் அங்கேதான். பெரும்பாலான குட்டிகள் இரண்டு, மூன்று வாரத்துக்குள் மொத்தமாகப் பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்?

சரி, இவ்வளவு நல்ல இடத்தைவிட்டு ஏன் கிளம்பணும்? மழை நின்றதும் தெற்கில் புல் காய்ந்துவிடும், தண்ணீரும் இருக்காது. வடக்கே மழை அதிகம். வறண்ட மாதங்களிலும் ஓடும் ஆறு மாரா. முதலை இருந்தாலும் போய்த்தான் ஆகணும். அக்டோபர், நவம்பரில் மழை திரும்பியதும் மறுபடி தெற்கு நோக்கி நடை.

உண்மையில் முதலையைவிட ஆறுதான் பெரிய எமன். ஆண்டுக்கு சராசரியாக 6,000-க்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்ட் மாராவில் மூழ்கிச் சாவதாக 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த உடல்கள் கழுகுகளுக்கும் மீன்களுக்கும் விருந்து. எலும்பு கரைய ஏழு ஆண்டுகள் ஆகும்; அதுவரை ஆற்றுக்குப் பாஸ்பரஸ் சப்ளை.

இன்னொரு ஆச்சரியம், இந்த 13 லட்சம் எப்போதும் இருந்த கணக்கு இல்லை. 1890-களில் மாடுகளுடன் வந்த வெக்கை நோய் இவற்றையும் கொன்று குவித்தது. 1960-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் நோய் அடங்கியது. 1970-களின் கடைசியில் 13 லட்சத்தைத் தொட்டது. ஊசி போட்டது மாட்டுக்கு, பிழைத்தது காட்டு விலங்கு! மேய்ச்சல் கூடியதால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரங்கள்கூட அதிகமாகின.

இப்போதைய ஆபத்து வேறு. செரெங்கெட்டியின் வடபகுதியைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை போடும் திட்டத்தை 2010-ல் தான்சானியா அறிவித்தது. கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-ல் பூங்காவுக்குள் தார்ச்சாலை கூடாது என்றது. ஆனால் மாரா ஆறு பிறக்கும் கென்யாவின் மாவ் காடு தொடர்ந்து அழிந்துகொண்டிருக்கிறது.

பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கென்யாவின் லோய்டா சமவெளியில் இருந்து மாராவுக்கு வைல்டுபீஸ்ட்டின் தனிக் கூட்டம் ஒன்று வந்துபோய்க்கொண்டிருந்தது. குட்டி போடும் நிலங்கள் கோதுமை வயல்களாயின, பிறகு கம்பி வேலிகள் வந்தன. 1970-களில் இருந்ததில் சிறு பங்குதான் இப்போது அந்தக் கூட்டத்தில் மிச்சம்.