மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்

மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்பது கனடாவின் டொராண்டோ நகரில், கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள கட்டடம் ஆகும். பெயரில்தான் தோட்டம், உள்ளே இருந்தது பனித்தரை. 1931 முதல் 1999 வரை டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் சொந்தக் களமாக விளங்கியது.

அணியை நடத்திய கான் ஸ்மைத் இதைக் கட்ட முனைந்தபோது உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கியிருந்தது. திரட்டிய பணம் போதவில்லை. அவருடைய உதவியாளர் ஃபிராங்க் செல்கி மின்பணி கற்றவர், தொழிற்சங்கத்திலும் இருந்தவர். கட்டுமானத் தொழிலாளர்கள் தம் கூலியில் 20 விழுக்காட்டை அரங்க நிறுவனத்தின் பங்குகளாகப் பெற்றுக்கொள்ள, அவர் சங்கங்களை இணங்கவைத்தார். இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேலையே கிடைக்காத ஆண்டு அது. ஐந்தில் ஒரு பங்கு காகிதமாக வந்தாலும், மீதி நான்கு பங்கு ரொக்கமாக வீட்டுக்கு வந்தது.

1931 ஜூன் 1 அன்று தொடங்கிய பணி ஐந்தரை மாதங்களில் முடிந்தது. நவம்பர் 12 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, உள்ளூர் அணி சிகாகோவிடம் 2-1 என்று தோற்றது. ஆனால் அந்தப் பருவத்திலேயே ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1967க்குள் மொத்தம் 11 கோப்பைகள். அதன்பின் இங்கிருந்தவரை ஒன்றுகூட இல்லை.

ஹாக்கி இல்லாத நாள்களில் பிற நிகழ்ச்சிகள் நடந்தன. பிற்காலத்தில் என்.பி.ஏ. ஆக வளர்ந்த கூடைப்பந்துக் கூட்டமைப்பின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று இங்குதான் நடைபெற்றது. எல்விஸ் பிரெஸ்லி 1957இல் பாடினார். பீட்டில்ஸ் குழுவினர் 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்தனர்.

1966 மார்ச்சில் முகமது அலி, கனடியர் ஜார்ஜ் சுவாலோவுடன் இங்கு மோதினார். வியட்நாம் போர் குறித்த அலியின் பேச்சால் அமெரிக்க நகரங்கள் அப்போட்டிக்கு இடம்தர மறுத்திருந்தன. இரு உலகப் போர்களிலும் பணியாற்றிய ஸ்மைத் அதை ஏற்கவில்லை. தாம் கட்டிய அரங்கின் இயக்குநர் பொறுப்பிலிருந்தே விலகினார். போட்டி 15 சுற்றுகள் நடந்து, புள்ளிக் கணக்கில் அலி வென்றார்.

1999 பிப்ரவரி 13 அன்று லீஃப்ஸ் அணி இங்கு கடைசியாக ஆடியது. எதிரணி அதே சிகாகோ, தோல்வி 6-2. பின்னர் லோப்லாஸ் நிறுவனம் கட்டடத்தை வாங்கி, 2011இல் கீழ்த்தளத்தில் பல்பொருள் அங்காடி திறந்தது. மேல்தளத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கான பனித்தளம் உள்ளது. பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடம், அங்காடியின் அலமாரிகளுக்கு இடையே தரையில் ஒரு சிவப்பு வட்டமாகக் குறிக்கப்பட்டுள்ளது.