பத்து, ஒன்பது, எட்டு... ஒரு வரி நிரலின் கதை

1929ல் ஜெர்மனியில் ஒரு ராக்கெட் படம் வெளியானது. 'நிலவில் ஒரு பெண்' என்று பொருள் தரும் தலைப்பு, இயக்கியவர் ஃபிரிட்ஸ் லாங். பேசாப்படம் என்பதால் ராக்கெட் கிளம்ப இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்பதைத் திரையில் எழுத்தாகவே காட்டினார்கள். எண் இறங்க இறங்க, பார்ப்பவருக்குப் படபடப்பு ஏறும்! ராக்கெட் ஏவும்போது பின்னோக்கி எண்ணுகிற வழக்கம் பரவியதற்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்பார்கள்.

இன்று அதே எண்ணிக்கையை ஒரு பள்ளி மாணவன் அரை நாளில் செய்துவிடுகிறான். உள்ளங்கை அளவில் ஓர் ஆர்டுயினோ போர்டு, நான்கு இலக்க டிஸ்ப்ளே, இரண்டு பட்டன், ஒரு பஸ்ஸர் போதும். நிரலில் முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான்: 'டிலே 1000'. ஆயிரம் மில்லிநொடி சும்மா இரு, பிறகு எண்ணில் ஒன்றைக் கழி. அவ்வளவே. ஆனால் இந்த ஒரு வரி யாருடையது என்று கேட்டால் கதை கொஞ்சம் நீளம்.

முதலில் சிப் வர வேண்டும் அல்லவா? 1971ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கேரி பூன், மைக்கேல் காக்ரன் என்ற இருவர் ஒரு கால்குலேட்டருக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே சிப்பில் அடக்கினார்கள். அதன் வழிவந்த டி.எம்.எஸ். 1000 என்ற மைக்ரோகன்ட்ரோலர் 1974ல் விற்பனைக்கு வந்தது. நிரலுக்கு 1 கிலோபைட், தற்காலிக நினைவகமோ வெறும் 256 பிட். கால்குலேட்டர், பொம்மை, மைக்ரோவேவ் அடுப்பு என்று எங்கும் நுழைந்தது. ஆனால் நிரலைத் தொழிற்சாலையிலேயே சிப்பில் பதித்துத்தான் தருவார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிற கம்பெனிக்குச் சரி. வீட்டில் ஒரே ஒரு டைமர் செய்ய ஆசைப்பட்டவருக்கு அதில் இடமில்லை.

1976ல் இன்டெல் கொண்டுவந்த 8748 கொஞ்சம் கருணை காட்டியது. சிப்பின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் பழைய நிரல் அழியும், புதிதாக எழுதலாம். ஒரு தடவை அழிக்க கால் மணி நேரம் போல ஆகும். ஒரு சின்னத் தப்பைத் திருத்தவும் அதே காத்திருப்புதான்! 1993ல் வந்த பிக் 16சி84 சிப்பில் ஜன்னலே இல்லை, மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆட்களுக்கு அது பெரிய விடுதலை.

சிப் கைக்கு வந்துவிட்டது, மொழி வரவில்லை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏ.வி.ஆர். சிப் ஒன்றில் ஒரு நொடியை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1024ஆல் வகுத்தால் நொடிக்கு 15625 துடிப்பு. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 15624 என்று ஒரு பதிவகத்தில் எழுதவேண்டும், வேறு பதிவகங்களில் சரியான பிட்களை ஏற்றவேண்டும், பிறகு குறுக்கீடு... பொறியியல் மாணவருக்கே தலை சுற்றும். ஓவியரோ வடிவமைப்பாளரோ பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவர்கள் படித்த இடம்தான் இத்தாலியின் இவ்ரியா. ஒலிவெட்டி தட்டச்சுப்பொறி பிறந்த ஊர். அங்கிருந்த இன்டராக்ஷன் டிசைன் கல்லூரியில் கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர், 2003ல் தன் முதுகலை ஆய்வுக்காக 'வயரிங்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். வழிகாட்டிகள் மாசிமோ பான்சியும் கேசி ரியாஸும். ரியாஸ், பென் ஃப்ரையுடன் சேர்ந்து 'பிராசஸிங்' மொழியை உருவாக்கியவர். அதன் எளிய எழுதுதளத்தைப் பர்ரகான் மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொண்டுவந்தார். பதிவகங்களைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, 'டிஜிட்டல்ரைட்', 'டிலே' என்று வாசித்தாலே புரிகிற கட்டளைகளை முன்னால் வைத்தார். போர்டு, மொழி, எழுதுதளம் மூன்றும் ஒன்றாக வந்தன. 2004ல் ஆய்வேடு முடிந்தது.

அடுத்த வருடம் பான்சி, டேவிட் குவார்டியெல்ஸ், டேவிட் மெல்லிஸ் ஆகியோர் விலை குறைந்த ஏ.டி.மெகா8 சிப்புக்கு ஏற்றபடி வயரிங்கை மாற்றி, தனித் திட்டமாகப் பிரித்தார்கள். ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1002ல் இத்தாலியின் அரசனான ஆர்டுயின் பெயர் கொண்ட கடை அது. ஆர்டுயினோ உலகமெங்கும் போனது, வயரிங்கைப் பலர் கேள்விப்படவே இல்லை.

இதில் சட்டப்படி தவறு எதுவுமில்லை. வயரிங் திறந்த மூல நிரல், யாரும் எடுத்து மாற்றலாம். விலையைக் குறைத்ததும் சாதாரண விஷயமல்ல, மாணவர் பையில் போர்டு சேர்ந்ததே அதனால்தான். ஆனாலும் உரிமம் அனுமதிக்கிறது என்பதும், செய்தவர் பெயரை முன்னால் நிறுத்துவதும் ஒன்றல்லவே. 2015ல் ஆர்டுயினோ நிறுவனர்களுக்குள்ளேயே பெயருரிமைச் சண்டை வெடித்தது. பர்ரகான் 2016ல் தன் தரப்பை இணையத்தில் விரிவாக எழுதினார். ஏன் பிரித்துக்கொண்டு போனார்கள் என்று தனக்கு முறையான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை என்பது அவருடைய வருத்தம்.

மீண்டும் நம் டைமருக்கு வருவோம். 'டிலே'யில் ஒரு வம்பு உண்டு. அது ஓடும் அந்த ஒரு நொடியில், நிறுத்தும் பட்டனை அழுத்தினாலும் நிரல் பார்க்காது. டிஸ்ப்ளேயை மாற்ற ஆகும் நேரமும் சேர்ந்து எண்ணிக்கை மெல்லப் பின்தங்கும். அதனால் கைதேர்ந்தவர்கள் 'மில்லிஸ்' என்ற கட்டளைக்குப் போவார்கள். போர்டு விழித்ததிலிருந்து கடந்த மில்லிநொடிகளை அது சொல்லும். ஆரம்ப ஆர்டுயினோவில் இந்த எண் ஒன்பது மணி நேரம் போல ஓடியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2008ல் திருத்தினார்கள், இப்போது 429 கோடி மில்லிநொடி வரை, அதாவது கிட்டத்தட்ட 49 நாள் தாங்கும்.

இந்த இரண்டு கட்டளைகளும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க விரும்பினால், ஏ.வி.ஆர். சிப்புகளுக்கான ஆர்டுயினோவின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். அவை இருக்கும் கோப்பின் பெயர் 'வயரிங்.சி'.