இரும்பில் எழுதிய சாசனம்

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குச் சாசனம் என்றவுடன் கல்லும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். இரும்பிலும் சாசனம் உண்டு என்று நான் சொன்னால் மாணவ நண்பர்கள் சிலர் புன்னகை செய்யக்கூடும். பழைய நீராவி யந்திரம் ஒன்றைச் செய்தவர் யார், செய்த காலம் எது, அதன் உறுப்புகளில் உடன்பிறந்தவை எவை, பின்னால் வந்து சேர்ந்தவை எவை என்று ஆராய்ந்து, மீண்டும் அதை ஓடச் செய்வது இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

தஞ்சைத் தரணிக்கும் நீராவிக்கும் உள்ள உறவு பழமையானது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. முதலில் போடப்பட்டது ஐந்தரை அடி அகலப் பாதை. 1870-களில் அதைப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கினார்கள். பாதை குறுகியதும், அதன்மேல் ஓடிய முதல் தலைமுறை எஞ்சின்களுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. நாகையில் இருந்த ரயில்வேப் பட்டறையும் 1928-ஐ ஒட்டித் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும், சிங்காரவேலர் சிறை சென்றதும் தனியே சொல்லவேண்டிய கதை.

கடலிலும் நீராவிதான் ஆண்டது. நாகைக் கரையருகே ஆழம் போதாமையால் பெரிய கப்பல்கள் எட்டத்தில் நங்கூரமிடும். பிரயாணிகள் படகிலே சென்று ஏறுவார்கள். அவ்வாறு எத்தனையோ குடும்பங்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்ற ‘ரஜூலா’, 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். 1974-ல் அது பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. கப்பலை மறவாத மக்கள் இருந்தும், கப்பல் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று இங்கிலாந்தின் ஏரி நாட்டிலே நடந்தது. ‘டாலி’ என்பது சுமார் 1850-ல் கட்டப்பட்ட சிறிய நீராவி லாஞ்சு. 1895-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அது அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சேற்றிலே கிடந்த அதனை 1962-ல் முக்குளிப்போர் மேலே கொணர்ந்தனர். கரையில் நின்றிருந்தால் அதன் இரும்பை யாரேனும் விலை பேசியிருப்பார்கள், மூழ்கியதால் பிழைத்தது! செப்பனிட்ட பின் அதன் யந்திரம் மறுபடியும் இயங்கியது.

இத்தகைய யந்திரத்தின் வயதை எப்படிக் கண்டறிவது? பெயர்த் தகட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தகடு என்பது நான்கு திருகாணிகளில் தொங்குவது. கழற்றி வேறொன்றில் மாட்ட எவ்வளவு நேரமாகும்? மேலும், பித்தளைத் தகடுகளைச் சேகரித்து விலைக்கு விற்போரும் உண்டு. ஆகையால் ஆராய்ச்சியாளர் பசையையும் வர்ணத்தையும் துடைத்து, இணைப்புத் தண்டுகளிலும் வால்வுகளை இயக்கும் உறுப்புகளிலும் உளியாலோ முத்திரை அச்சாலோ பதித்த எண்களைத் தேடுகிறார். அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். பட்டறையில் ஒரே வகை எஞ்சின்கள் பல நிற்கும்போது, ஒன்றின் தண்டு மற்றொன்றுக்குப் போவது வழக்கம். எண்கள் ஒன்றோடொன்று மாறுபடுகிற இடத்தில்தான் அந்த யந்திரத்தின் வாழ்க்கை வரலாறே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

சிலிண்டரின் உள்விட்டத்தையும் பிஸ்டன் நகரும் தூரத்தையும் அளந்து, தயாரிப்பாளரின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிடுவர். திருகாணியின் மரைகூடச் சாட்சி சொல்லும். 1841-ல் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை; மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. பழைய பிரிட்டிஷ் யந்திரமொன்றில் மெட்ரிக் மரை காணப்பட்டால், அது பெரும்பாலும் பிற்காலத்துக் கை என்று கொள்ளலாம்.

இனி, பிரிப்பது எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன்பே, அங்கிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். அவன் மகன் ராஜேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இச்செய்தியைச் சொல்வதும் அக்கோயிற் கல்வெட்டே. இக்காலத்து யந்திரச் சீரமைப்பாளர் செய்வதும் இதுதான்: ஓர் ஆணியைக் கழற்றுவதற்கு முன் படம் எடுக்கிறார், வரைகிறார், ஒவ்வொரு துண்டுக்கும் சீட்டுக் கட்டுகிறார், வர்ணத்தின் அடுக்குகளைக் கூடக் குறித்துக்கொள்கிறார்.

கடினமான வழக்கு கொதிகலனில் வருகிறது. தண்ணீர் நீராவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். அந்த வேகத்தை அடக்கிவைத்திருக்கும் தகடு துருவால் மெலிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலாக அழுத்திச் சோதிப்பர். தண்ணீர் அநேகமாகச் சுருங்காத பொருள்; தகடு விண்டால் ஒழுகுமே தவிர, நீராவியைப் போல் சீறி வெடிக்காது. சோதனையில் தோற்ற கொதிகலனை மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பின் அது பழைய யந்திரம்தானா?

சென்னைப் பெரம்பூர்ப் பட்டறையில், லீட்ஸ் நகரில் 1855-ல் பிறந்த ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் எஞ்சினுக்குப் பல உறுப்புகளைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010-ல் ஓடவிட்டார்கள். நாகைப் பட்டறையின் வாரிசான பொன்மலையோ இன்னும் ஒருபடி மேலே போயிற்று: சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நீலகிரி மலை எஞ்சின்களின் மாதிரியிலேயே புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிக்கொடுத்தது. அந்த எஞ்சின் பற்சக்கரப் பாதையில் ஏறும்போது, ஒரு ஜோடி சிலிண்டரில் உழைத்த நீராவியை மற்றொரு ஜோடியிலும் உழைக்க வைக்கும். கப்பல் யந்திரங்களில் கைவந்த சிக்கனம் அது. பொன்மலைப் புது எஞ்சினைப் ‘பழையது’ என்று எவரும் ஏமாற்றவில்லை. அதனாலேயே அது நேர்மையான வேலை. புதிய உறுப்பில் செய்த ஆண்டைப் பொறித்துவிட்டு, கழற்றிய உறுப்பைப் பாதுகாத்து வைத்தால் பழைய எஞ்சினை ஓடவிடுவதிலும் குற்றமில்லை என்பேன். பளபளப்புக்காகச் சுரண்டித் தேய்த்து எண்களை அழிப்பவரை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இவற்றையெல்லாம் காணப் பெரம்பூர் வரை போகவேண்டியதில்லை. நெல் அவிக்கும் ஆலைகளில், உமியை எரித்து நீராவி எழுப்பும் கொதிகலன்களை நம் மாவட்டத்திலே காணலாம். 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம், பதிவு எண்ணைக் கொதிகலன்மேல் அழியாதபடி பொறிக்க வேண்டும் என்று விதித்தது. 2025-ல் அதன் இடத்தில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த விடுமுறையில் ஆலைக்காரரின் அனுமதி பெற்று, அடுப்பு ஆறியிருக்கும் வேளையில், ஒரு கந்தைத் துணியோடு போய் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கண்டால், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.