வெள்ளியில் பெய்த மழை

குருசுக்குப்பத்துக் கடற்கரையிலிருந்து தெற்கே நடந்தால் சிறிது நேரத்தில் பழைய வெள்ளை நகரம் வந்துவிடும். இன்று பாரதி பூங்கா இருக்கும் அந்தப் பகுதியில், 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிரெஞ்சுக் கோட்டையின் சிதைவுகள்மீது, 1768-ல் ஒரு சிறு வானாய்வுக்கூடம் எழுந்தது. கட்டிக்கொடுத்தவர் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன். அதில் தொலைநோக்கியோடு அமர்ந்தவர் கியோம் லெ ழாந்தீய் என்ற வானியலாளர். வெள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கும் நேரத்தைப் பூமியின் பல மூலைகளிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் என்று 1716-ல் எட்மண்ட் ஹாலி வழி சொல்லியிருந்தார். அதற்காக 1760-ல் பிரான்சை விட்டுப் புறப்பட்டவர் லெ ழாந்தீய். அவர் கப்பல் மலையாளக் கரையை எட்டியபோது புதுச்சேரி எதிரி கையில் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார். அந்த அளவீட்டால் யாருக்கும் பயனில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. அதை விட்டால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஊர் திரும்பாமல் கிழக்குக் கடல்களிலேயே சுற்றிக்கொண்டிருந்து, புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் வசமான பின் வந்து சேர்ந்தார். 1769 மே முழுக்க விடியற்காலை வானம் தெளிவாக இருந்தது. ஜூன் 4 விடியற்காலையில் மேகம் கவிந்தது. கடப்பு முடிந்த சற்று நேரத்தில் வெயில் பளீரென்று அடித்தது.

இதைத் துரதிர்ஷ்டத்தின் உச்சமாகச் சொல்லிச் சிரிப்பதே வழக்கம். 1771-ல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தார்கள் என்ற செய்தி அந்தச் சிரிப்புக்கு இன்னும் வசதி. எனக்கு அந்த மேகம் வேறொரு காரணத்தால் முக்கியமாகப் படுகிறது. புதுச்சேரி மேகம் வெள்ளியை ஒரு காலைப்பொழுது மறைத்தது. வெள்ளியைப் போர்த்தியிருக்கும் மேகமோ அதற்குப் பிறகும் இரு நூற்றாண்டுகள் அதன் தரையை மறைத்து வைத்தது. அந்த மறைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதியவர்கள் பெரும்பாலும் தாங்கள் முன்பே பூமியில் பார்த்ததை, அல்லது கேள்விப்பட்டதைத்தான் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் கற்பனை செய்த வெள்ளி கிரகம், உண்மையில் அவர்கள் மனத்தில் இருந்த வெப்பநாடு.

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரேனியஸ், 1918-ல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில், வெள்ளியின் ஈரப்பதம் காங்கோவைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்று எழுதினார். சொட்டச் சொட்ட நனைந்த சதுப்பு, விரைந்து வளர்ந்து விரைந்து அழுகும் செடிகொடி என்று அவர் காட்டிய காட்சியைக் கதாசிரியர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். எட்கர் ரைஸ் பரோஸ் 1930-களில் அங்கே வானளாவும் மரங்களை நட்டு, ஒரு வெள்ளைக்கார வீரனை இறக்கினார். சி.எஸ். லூயிஸ் 1943-ல் கடலையும் மிதக்கும் தீவுகளையும் வைத்து ஓர் ஏதேன் தோட்டத்தை அமைத்தார். ரே பிராட்பரி ஓயாத மழையை வைத்தார். 1954-ல் வந்த அவருடைய கதையொன்றில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான் அங்கே சூரியன் தெரியும். அந்தச் சிறுபொழுதில் ஒரு சிறுமியைச் சக மாணவர்கள் அலமாரிக்குள் பூட்டிவிடுகிறார்கள். லெ ழாந்தீயின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவருடைய பயணநூல் 1779-லும் 1781-லும் இரண்டு தொகுதிகளாக வந்தது. வானியலோடு பருவக்காற்றும் தட்பவெப்பமும் மக்கள் வழக்கங்களும் அதில் நிறைய உண்டு. அதை அரேனியஸ் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட நூல்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஈரமும் வெப்பமும் நிறைந்த தூரதேசச் சித்திரம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. வெள்ளியின்மீது அதை எடுத்துப் போர்த்தினார்கள் என்கிறேன்.

சூரியனுக்கு அருகில் இருக்கும் கோள், அதன்மேல் வெண்மேகம், மேகமென்றால் நீர், ஆகவே மழை, ஆகவே காடு. இது தர்க்கம்தானே, காலனிக் கனவு எப்படி ஆகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1922-லேயே மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் நிறமாலையைப் பார்த்தவர்களுக்கு நீராவி அகப்படவில்லை. 1932-ல் அதே இடத்தில் கரியமில வாயு ஏராளமாக அகப்பட்டது. பாலைவனம் என்று வாதிட்ட அறிவியலாளர்களும் இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் கதைகளில் மேலும் முப்பது ஆண்டுகள் மழை விடவில்லை. தர்க்கம் மட்டுமே காரணம் என்றால் சான்று மாறியதும் அது மாறியிருக்க வேண்டும்.

தமிழர்கள் மட்டும் யோக்கியமா என்ற இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இல்லைதான். பட்டினப்பாலை தொடங்குவதே வெள்ளி திசை மாறித் தெற்கே போனாலும், வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்ற பெருமிதத்தோடு. வெள்ளியின் போக்கில் மழையைப் பார்த்தது ஆற்றுநீரை நம்பி வாழ்ந்த சமூகத்தின் கவலை. ஆக அவரவர் நிலத்தை வானில் எழுதுவதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் புதுச்சேரியில் இன்னொரு மரபும் இருந்தது; லெ ழாந்தீய் அதைத் தேடிக் கற்றார். சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கிரகணத்தைக் கணக்கிடும் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30-ன் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தக் கணக்கு பிழைத்தது 41 விநாடி. ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றிருந்த தோபியாஸ் மாயரின் அட்டவணை பிழைத்தது 68 விநாடி. ஒரே கிரகணத்தை வைத்துக் கொடி ஏற்ற வேண்டியதில்லை. 1825-ல் ஜான் வாரன் அச்சிட்ட நூலிலும் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் இதே முறையில் கணித்ததைப் பார்க்கிறோம். அங்கே பிழை பல நிமிடங்கள். இதே நகரில் 1910-ல் ஹாலி வால்மீனைப் பாடிய பாரதி, விண்ணறிவை அந்நியர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டதே என்று வருந்தினார்.

வாக்கிய மரபு வெள்ளியின் இருப்பிடத்தைச் சொன்னது, அஸ்தமனத்தைச் சொன்னது, கல்யாணத்துக்கு நாள் குறிக்க உதவியது. வெள்ளி எப்படிப்பட்ட இடம் என்று அது கேட்கவே இல்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1874-ல், அந்த ஆண்டு டிசம்பர் 9-ன் வெள்ளிக் கடப்பை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பழைய கணக்கர்களைக் கண்ணால் காணும் வானத்தின் பக்கம் திருப்புவது அவர் நோக்கம். தவறான கதைகளுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நான் கருதுவது இந்த இடத்தில்தான். சதுப்பும் மழையும் பொய்; ஆனால் அங்கே கால் வைத்தால் என்ன நேரும் என்ற கேள்வி மெய்யானது. பஞ்சாங்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதற்காக யாரும் கலம் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கலம் போனது, மழை நின்றது. 1956-ல் ரேடியோ அலைகள் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தைக் காட்டின. 1962 டிசம்பர் 14 அன்று மரைனர் 2 அருகே கடந்து அதை உறுதிசெய்தது. 1970-ல் தரையிறங்கிய சோவியத்தின் வெனேரா 7 அனுப்பிய வெப்பநிலை சுமார் 475 டிகிரி. அழுத்தம் பூமியைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. ரோஜர் ஜெலாஸ்னி 1965-ல் வெள்ளிக் கடலில் ராட்சத மீன் பிடிக்கும் கதை எழுதியபோது அந்தக் கடல் காலாவதியானது என்று தெரிந்தேதான் எழுதினார். பிரையன் ஆல்டிஸும் ஹாரி ஹாரிசனும் 1968-ல் அந்தப் பழைய வெள்ளிக்கு விடைகொடுத்து ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்கள். மேகத்தில் இருப்பது கந்தக அமிலம் என்பது 1970-களில் தெளிவானது. அந்த மழை தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுகிறது.

பழக்கம் மட்டும் போய்விடவில்லை. ஐம்பது கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமும் அழுத்தமும் ஏறக்குறைய நம்முடையவை போல இருப்பதால், இப்போதைய கதைகள் அங்கே மிதக்கும் நகரங்களை வைக்கின்றன. 1985-ல் சோவியத்தின் வேகா பலூன்கள் அந்த உயரத்தில் இரண்டு நாள் அளவுக்குப் பறந்தும் காட்டின. 2020-ல் அந்த மேகத்தில் பாஸ்பீன் வாயு தென்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்ததும் உயிர் பற்றிய பேச்சு கிளம்பியது. அந்த அளவீட்டின்மீது சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கிய இந்திய வெள்ளி சுற்றுகலன், 2028 மார்ச்சில் புறப்படத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மேகத்தைத் துளைத்துத் தரையைப் படம்பிடிக்கும் ரேடாரோடு, அந்த மேகத்தையே ஆராயும் கருவிகளும் அதில் போகின்றன.